கவிழ்த்து வைத்த எட்டு மங்குகள்

எங்கள் ஆலையில் முன்பெல்லாம் மரத்தின் அடிக்கட்டைக்கு, தூருக்கு, மரியாதை கிடையாது. வயதாகிப்போன ரப்பர் மரங்களைத் தோட்டம் தோட்டமாக வாங்கி, சாய்த்து, பலகையாக அறுத்து விற்கிற ஆலை அது. கூலிமிலிருந்து கரங்கான் போகிற பாதையில் இருக்கிறது. நான் அங்கே எடைமேடைக் கிராணி. லோரி மேடையில் ஏறி நின்றதும் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதுவேன். மண் மிதமிஞ்சிப் போன சரக்கைத் திருப்பி அனுப்புகிற அதிகாரமும் என் பேனாவுக்கு உண்டு. பதினாறு வருஷமாக இதே நாற்காலி, இதே சன்னல்.

மரத்தில் நேரான பாகம் பலகைக்குப் போகும். கோணலும் கழிவும் ஆலையின் பின்பக்கம் மலையாகக் குவியும். கல்யாண வீடு, கோயில் அன்னதானம் என்று சனங்கள் வருவார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் வேண்டியதைக் கட்டிக்கொண்டு, என் சன்னலைப் பார்த்து ஒரு தலையாட்டலோடு போய்விடுவார்கள். தூரும் வேரும் ஆலைக்கு வந்ததே இல்லை. காட்டிலேயே பிடுங்கி, மர வரிசையான நிரைக்கு நடுவில் அடுக்கிவிடுவார்கள். அது பாட்டுக்கு மழையில் மக்கி மண்ணாகப் போகும்.

பிறகு மானியம் வந்தது. கழிவு மரத்தைச் சில்லாக அரைத்துத் தொழிற்சாலைக் கொதிகலனுக்கு எரிபொருளாக விற்றால் அரசாங்கம் உதவித்தொகை தருமாம். கரியும் எண்ணெயும் எரிப்பதைவிட இது பூமிக்கு நல்லதாம். நல்லதாகவே இருக்கட்டும், நான் என்ன படித்தவளா மறுத்துப் பேச? ஆலையில் பச்சை வண்ணம் அடித்த ஒரு அரைக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. அதிகாரிகள் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், கோழிச்சோறு சாப்பிட்டார்கள். எங்கள் முதலாளி தவுக்கேவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. என் சன்னலுக்கே வந்து, இனிமேல் நம்ம ஆலையில் குப்பை என்று ஒன்று கிடையாது என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சத்தியமான உண்மை. அடுத்த வாரமே பின்பக்கக் குவியலைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். மாரியம்மன் கோயிலிலிருந்து விறகு கேட்டு வந்தவர்களைக் கடிதம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். கடிதத்தோடு வந்தபோது விறகு இல்லை. இன்னொரு கூத்தும் நடந்தது. பலகைக்கு லாயக்கில்லாத மரத்துக்குத்தான் மானியம் என்பது சட்டம். பலகை வியாபாரமோ படுத்துக் கிடந்தது. அதனால் லாயக்கான மரமும் கொஞ்சம் கொஞ்சமாக லாயக்கில்லாமல் போனது. அதைச் செய்தது மழையுமில்லை, கரையானுமில்லை. என்னுடைய பேனா.

பொய் சொல்லி வாழ்கிறவள் என்று என்னை நினைக்க வேண்டாம். தவுக்கே சொல்வார், நான் எழுதுவேன். எழுதும்போது கொஞ்சம் உறுத்தும், மதியச் சாப்பாட்டுக்குள் அது போய்விடும். சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதிதான்.

ஒரு தோட்டத்தில் மரத்தைச் சாய்ப்பதற்கு முன்னால், பால் வற்றிப்போன மரங்கள் எவை, தூர் பிடுங்கப்போவது எங்கே என்று மானிய அலுவலகத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்த மரங்களுக்குச் சிவப்புச் சாயம் அடிக்க வேண்டும். இந்த வேலையும் என் தலையில் விழுந்தது. நான் பால்வெட்டுக்காரியின் மகள், மரத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன் என்று நானே பீற்றிக்கொண்டதன் பலன் அது. உள்ளுக்குள் பெருமைதான். ஆபீஸ் ஆட்கள் யாருக்கும் நிரை என்றால் என்ன, மங்கு என்றால் என்ன என்று தெரியாது.

அப்படி ஒரு நாள் வந்த தோட்டம், நான் பிறந்த தோட்டம். லயத்து வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். தோட்டத்தை வாங்கிய புதிய ஆள் டுரியான் நடப்போகிறார் என்றார்கள். ஆலையில் பல வருஷமாக லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவரும் பால்வெட்டுக் குடும்பம்தான், ஆனால் திகாம் பத்து ஊர்ப் பக்கம். சாய டப்பாவை அவர் தூக்கிக்கொண்டார், தூரிகை என் கையில்.

ஓடைக்கரையை ஒட்டிய கடைசி நிரையில் வரிசையாக எட்டு மரங்கள். எட்டிலும் பால் பிடிக்கிற கிண்ணமான மங்கு கம்பி வளையத்தில் கவிழ்ந்தபடி இருந்தது. பால் வற்றின மரத்தில் மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள். அடுத்த நாள் வெட்ட வருகிறவர் அதைப் பார்த்ததும் கத்தியை எடுக்காமல் தாண்டிப் போய்விடலாம். எங்கள் ஆட்கள் பிள்ளைக்குச் சொல்லித்தரவே வேண்டாத பாடம் அது. நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் சாயத்தை அடித்தேன்.

அண்ணன்தான் மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, பட்டையில ஒரு கீறலு கூட இல்ல. காஞ்ச மரம்னா காயிறதுக்கு முன்னாடி வெட்டியிருப்பாங்க தானே?"

நியாயமான கேள்வி. பால் வற்றுகிற மரத்தில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தே தீரும். இந்த எட்டும் பக்கத்து மரங்களைவிடப் பருத்து, வழவழவென்று நின்றன. கத்தியே படாத மரங்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

"மங்கு கவுந்திருக்குல்ல அண்ணே. அப்புறம் என்னா லா?" என்றேன். அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

அன்று சாயங்காலமே மானியப் படிவத்தை நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி, அந்த இடத்தில் சமாதியோ வழிபாட்டு இடமோ உண்டா என்று. தோட்டத்து இடுகாடு மேட்டுப்பக்கம் இருந்தது. அப்பா அங்கேதான் இருக்கிறார். அது இந்த எல்லைக்குள் வரவில்லை என்று வரைபடத்தில் இரண்டு தரம் சரிபார்த்தேன். பிறகு 'தியாடா' என்று எழுதினேன். ஒன்றுமில்லை என்பதற்கு மலாய் அதுதான். கீழே கையெழுத்துப் போட்டேன்.

பட்டியல் போனது, அனுமதி வந்தது. ஒரு மாதம் கழித்து வேலையை ஆரம்பித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மா என்னோடுதான் கூலிம் அடுக்குமாடியில் இருக்கிறாள். வீட்டுக்காரர் ஹைடெக் பார்க்கில் ஷிப்டு வேலை, கம்பெனி பஸ் ஏறப் போய்விட்டார். எனக்குப் பேச்சுத் துணைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. அம்மாவைச் சீண்டிப் பார்க்கலாம் என்று, வேலையை மேற்பார்த்த உங்கள் மண்டோர் நன்றாகத் தூங்கியிருக்கிறார் போல, ஓடைக்கரையில் ஒரே வரிசையில் எட்டு மரத்தில் மங்கு கவிழ்ந்து கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் சாயம் அடித்துவிட்டேன், மங்கைக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் கதை பேசிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டேன்.

அம்மாவின் கை கீரைக் கொத்தோடு நின்றது. கடைசி நிரையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொத்தைத் தட்டில் வைத்துவிட்டாள். எனக்குத்தான் பொறுக்காது, என்னம்மா என்னம்மா என்று பிடுங்கினேன்.

"அது காஞ்ச மரம் இல்லடி. நாங்கதான் கவுத்து வச்சோம். கீழ புள்ளைங்க இருக்கு. ரோட்டுப் பக்கமிருந்து மூணாவது மரத்துல உன் தம்பி இருக்கான்."

எனக்கு ஒரு தம்பி பிறந்து முப்பத்தேழு நாளில் காய்ச்சலில் போனது தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. துணியில் சுற்றி அப்பா தூக்கிக்கொண்டு போனதும், ரவிக்கை நனைந்தபடி அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. எங்கே கொண்டு போனார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது மட்டும் யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

அம்மா சொன்னதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பால்குடி மாறாத பிள்ளையை எரிப்பதில்லை, பெரியவர்களோடு இடுகாட்டில் புதைப்பதுமில்லை. ஓடைக்கரையில், இன்னும் வெட்டத் தொடங்காத ரப்பர் மரத்தடியில் ஆண்கள் மட்டும் போய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கல் வைப்பதில்லை, படையல் போடுவதில்லை, பெற்றவள் போகக் கூடாது. அடையாளம் வைத்தால் அந்த உயிர் திரும்பி வேறு வயிற்றுக்குப் போகாது என்று நம்பிக்கை. எந்த மரம் என்று அப்பா அம்மாவின் காதில் சொல்லியிருக்கிறார். அம்மாவோ அந்த நிரைக்கே பால் வெட்டுகிறவள். ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனபோது அந்த மரத்தில் கத்தியை வைக்க மனசு வரவில்லை. மங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு முன்னாலும் சில பெண்கள் அப்படிச் செய்திருந்தார்கள், பின்னாலும் செய்தார்கள். மண்டோர் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அவருடைய புத்தகத்தில் எட்டையும் காய்ந்த மரம் என்று எழுதிக்கொண்டார்.

"தினமும் தாண்டித்தான் போவேன். நின்னு பாக்க மாட்டேன். ஆனா எண்ணிக்குவேன், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு" என்றாள்.

மரத்தைச் சாய்ப்பதில் அம்மாவுக்கு வருத்தம் இல்லை. ரப்பர் மரம் என்றால் ஒரு நாள் சாயத்தான் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தூரை என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டாள். பழைய மாதிரி காட்டில் மக்க விடுவார்கள் என்று நினைத்திருந்தாள் பாவம். நான் மானியத்தைப் பற்றி, அரைக்கிற இயந்திரத்தைப் பற்றி, கொதிகலனைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் நாக்கு எப்போது சரியான நேரத்தில் நின்றிருக்கிறது?

"முப்பது வருசத்துல எலும்பு கூட இருக்காது. எல்லாத்தையும் வேரு குடிச்சிருக்கும். அந்தத் தூருதான்டி இப்ப அவன். நெருப்புல போடக் கூடாதுன்னுதானே மண்ணுல வச்சோம். எடுத்துட்டாங்கன்னா திருப்பிக் கொண்டுபோய் அங்கேயே போடச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அழவில்லை. மறுபடியும் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் தவுக்கே வருவதற்கு முன்னாலேயே அவர் அறை வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை எடுத்து முன்னால் வைத்தார். புதைத்த இடம் ஒன்றுமில்லை என்று எழுதியது நீதானே என்றார். எட்டு மரமும் பட்டியலில் இருக்கிறது, அதிகாரிகள் எண்ணிப் பார்ப்பார்கள், எட்டுத் தூர் அரைக்கப்படவில்லை என்று தெரிந்தால் மொத்த விண்ணப்பமும் போய்விடும், இயந்திரத்துக்குக் கொடுத்த உதவியையும் திருப்பிக் கேட்பார்கள் என்றார். வேண்டுமானால் ஒரு ஐயரைக் கூப்பிட்டு அங்கே பூசை போடு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த நகலைக் கிழித்திருப்பேன். ஆனால் அதில் இருந்தது என் கையெழுத்து. அவர்மேல் பாதிக் கோபம், என்மேல் மீதி.

என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். பத்து மணி வாக்கில் லோரி அண்ணன் எடைமேடையில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். பின்னால் தூர்கள், வேரெல்லாம் மேலே பார்த்தபடி. பட்டையில் என் சிவப்புச் சாயம்.

வெளியே ஓடினேன். இயந்திரச் சத்தத்தில் கத்திச் சொல்லக்கூடிய விஷயமில்லை அது. வண்டியை அணைக்கச் சொல்லி, கதவுக்குக் கீழே நின்று சொன்னேன். அவர் இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு லோரியின் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே கேட்டேன் தங்கச்சி" என்றார். திட்டுகிற குரல் இல்லை அது. திட்டியிருக்கலாம்.

எட்டும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இதுல ஏழு. சனிக்கிழம சாயங்காலம் ஒண்ணு எடுத்தாங்க. வேற சரக்கோட சேத்து நான்தான் ஏத்திட்டு வந்தேன். அது அன்னைக்கே மெஷின்ல போயிருச்சு."

எந்த மரத்துத் தூர் அது, ரோட்டுப் பக்கமா மறுகோடியா, எத்தனையாவது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார். யோசித்துப் பார்த்தார், நிஜமாகவே யோசித்தார். ஏதோ ஒரு ஓரத்திலிருந்து எடுத்தது போல இருக்கிறது, நடுவிலாகவும் இருக்கலாம் என்றார். தூரை யார் எண்ணிப் பார்த்து ஏற்றுவார்கள்?

சனிக்கிழமை எனக்கு அரை நாள். சாயங்காலம் இன்னொரு கிராணி சீட்டு எழுதியிருந்தாள். அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கலப்புக் கழிவு, ஒரு லோரி, நல்ல சரக்கு என்று இருந்தது. இரண்டு நாளில் அந்தச் சில்லு தொழிற்சாலைக்குப் போயிருக்கும்.

என் பேனாவுக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. மண்ணோடு தூரை உள்ளே போட்டால் அரைக்கிற கத்தி கெட்டுவிடும். அதனால் மண் அதிகமான சரக்கு வந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். நான் சீட்டை எடுத்து, மண் அதிகம், திருப்பி அனுப்பப்பட்டது என்று எழுதி முத்திரை குத்தினேன். தூரில் இருந்த மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் அதிகமில்லை. பதினாறு வருஷத்தில் தவுக்கே சொல்லாமல் நானாக எழுதிய முதல் பொய் அது.

அண்ணனுக்கு அன்றைய ஓட்டம் வீண். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்துக்குத் திரும்பிப் போய், எஸ்கவேட்டர்காரரிடம் ஓடைக்கரையில் குழி எடுக்கச் சொல்லி, ஏழையும் உள்ளே இறக்கி மூடிவிட்டு மத்தியானம் எனக்குப் போன் செய்தார். மூடின பிறகு எல்லோரும் ஒரு நிமிஷம் சும்மா நின்றோம், அவ்வளவுதான் என்றார்.

தவுக்கே சீட்டைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கோப்பில் போட்டார். அந்த மண்டோர் மாதிரியே என்று தோன்றியது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வாரம் வந்த அதிகாரிகள் தூரை எண்ணவே இல்லை. குழியைத்தான் எண்ணினார்கள். பிடுங்கின குழி எட்டு இருந்தது, பட்டியலில் எட்டு இருந்தது, சரியாகிவிட்டது. வெயில் தாங்கவில்லை என்று சீக்கிரமாகக் கிளம்பிவிட்டார்கள். எரியாத ஏழுக்கும் சேர்த்து மானியம் வந்தது. ஒரே ஒரு ஆள் முன்கூட்டியே துணிந்து, தூர் வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லியிருந்தால் போதும், யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்திருக்காது. அந்த ஆள் நானாகவும் இருந்திருக்கலாம், ஒரு மாதம் முன்னால், தூரிகையைக் கையில் வைத்திருந்தபோது.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்குப் போனதும் அம்மா கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள். வாசலில் செருப்பைக்கூட நான் கழற்றவில்லை.

"எட்டும் போயிருச்சா அங்க?"

"போயிருச்சும்மா. எட்டும்."

சரி என்று உள்ளே போனாள். குளித்துவிட்டு வந்து சாமி விளக்கை ஏற்றினாள். முப்பது வருஷத்தில் அவனுக்காக அவள் எதையும் ஏற்றியதில்லை. அன்றும் அவனுக்காக என்று சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். போன தூர் எட்டில் ஒன்று. அவனுடையதாக இல்லாமல் இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். உடனே, அப்படியென்றால் வேறு ஒரு தாயின் பிள்ளை என்று தோன்றும். அவள் இப்போது எந்த ஊரில் எந்த அடுக்குமாடியில் இருக்கிறாளோ. அவளுக்குச் சொல்ல ஒரு ஆளும் இல்லை. பிறகு அந்தத் தேறுதலும் வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.

போன தீபாவளிக்கு அடுத்த நாள், திகாம் பத்தில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் ஒரு தொழிற்சாலை. எங்கள் ஆலைச் சில்லெல்லாம் அங்கேதான் போகிறது என்று சீட்டு எழுதுகிற எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தீபாவளி என்றெல்லாம் கொதிகலனுக்குக் கிடையாது, புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. அம்மா சன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தாள்.

"நீ சொன்னியே, தூரெல்லாம் போட்டு எரிக்கிறாங்கன்னு, அது இந்த மாதிரி எடத்துலதானா?"

ஆமாம் என்றேன்.

"நல்ல வேள. நம்ம புள்ள தப்பிச்சான்" என்றாள்.

காற்று எங்கள் பக்கமாக வீசியது. நான் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.